நாற்றுக்கு உரம்: எப்போது, எவ்வளவு?

ஹைதராபாத்தில் அல்வால் பக்கம் மொட்டை மாடியில் தக்காளி, கத்தரி, மிளகாய் விதைக்கிறவர்களுக்கு ஜூன் மழை விழுந்ததும் கை பரபரக்கும். முளைத்து நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் யூரியாப் பொட்டலத்தைத் தேடுவார்கள். வினையே அங்கேதான்.

முளைத்த புதிதில் நாற்றுக்கு உரமே வேண்டாம். விதைக்குள் இருந்த சத்தும், முதலில் விரியும் இரண்டு வித்திலைகளும் அதற்குப் போதும். அடுத்து வரும் இலைகள்தான் அந்தச் செடிக்கே உரிய வடிவத்தில் இருக்கும். அப்படி இரண்டு இலை நன்றாக விரிந்த பிறகு உரத்தை நினைத்தால் போதும். வித்திலை பின்னால் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. அதைப் பட்டினி என்று எண்ணிவிடாதீர்கள்.

அதிக உரம் ஏன் கருக்குகிறது? ஆவக்காய்க்கு நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டால் தண்ணீர் விடுகிறதல்லவா, அதே கதைதான். மண்ணில் உப்பு ஏறினால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் திணறும். இலை நுனி பழுப்பாகும், மண் மேல் வெள்ளையாகப் பூக்கும். ஹைதராபாத்தில் பல வீட்டு போர் தண்ணீரே கடினத் தண்ணீர். வாளியில் வெள்ளைக் கறை படிகிறதா? அப்படியானால் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து நாற்றுக்கு ஊற்றுங்கள்.

குழித்தட்டு நாற்றுக்கு, விதைத்த 18ஆம் நாள் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து ஒருமுறை ஊற்றச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அது நிழல்வலைக்குள், பார்த்துப் பார்த்து வளர்க்கும் நாற்றங்காலுக்கான கணக்கு. வெயில் காயும் மாடிக்கு நான் அவ்வளவு சொல்ல மாட்டேன். 10 லிட்டர் வாளிக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம்; வாரம் ஒருமுறை. முதலில் வெறும் தண்ணீர் விட்டு நனைத்து, பிறகே உரத் தண்ணீர், அதுவும் காலை வேளையில். காய்ந்த மண்ணில் நேராக ஊற்றினால் இந்த அளவும் சுடும்.

இயற்கை உரம் என்றால் எவ்வளவும் போடலாம் என்பது தப்பு. பச்சைச் சாணமும் ஊறாத புண்ணாக்கும் மக்கும்போது சூடும் அம்மோனியாவும் கிளம்பும். நாற்றுத் தட்டில் இரண்டுக்கும் இடமில்லை. நன்றாக மக்கிய மண்புழு உரத்தைச் சலித்து, தென்னை நார்க்கழிவோடு ஆரம்பத்திலேயே கலந்துவிட்டால் பாதிக் கவலை விட்டது. பஞ்சகவ்யா வளர்ந்த பயிருக்கே 3 சதவீதம்தான். நாற்றுக்கு 1 சதவீதம் போதும்.

தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் இற்றுப்போய்ச் சாய்ந்தால் அது நாற்றழுகல், பூஞ்சண நோய். உரம் போட்டால் நிமிராது. தண்ணீரைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். பீர்க்கு, பாகல், அவரைக்கு விதை பெரிது. நேராகத் தொட்டியில் ஊன்றிவிட்டால் நாற்று விடும் வம்பே இல்லை.

தக்காளி நாற்றை 25 நாளிலும் மிளகாயை 35 முதல் 40 நாளிலும் எடுத்து நடலாம். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே உரத்தை நிறுத்திவிடுங்கள்.