மரவேலை ரவுட்டரும் பாதுகாப்பு முறைகளும்

மும்பை மாநகரின் கிழக்குப் புறநகராகிய காட்கோபரிலும் அதனை அடுத்த குர்லாவிலும் கட்டில், அலமாரி முதலியன செய்யும் சிறு பட்டறைகள் உள்ளன. முன்னர் உளியும் கொட்டாப்புளியும் கொண்டு பல மணி நேரம் உழைத்து எடுத்த காடியை, இன்று ரவுட்டர் என்னும் மின்கருவி சில நிமிடங்களில் எடுத்துவிடுகிறது. ஆயினும் கவனம் பிசகினால் இக்கருவி தச்சரின் விரலையும், அதனுடன் அவரது பிழைப்பையும் பறித்துவிடக்கூடும். ஆகவே இதன் இயல்பை அறிந்து பழகுதல் இன்றியமையாதது.

ரவுட்டரின் மோட்டார் நிமிடத்திற்கு 24,000 சுற்றுகள் வரையிலும், சிலவற்றில் அதற்கு மேலும் சுழல்கிறது. இது விநாடிக்கு 400 சுற்றுகளாகும். இவ்வேகத்தில் 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலகின் விளிம்பு விநாடிக்குச் சுமார் 15 மீட்டர் செல்லும். 50 மில்லிமீட்டர் அலகின் விளிம்போ சுமார் 63 மீட்டர், அதாவது மணிக்கு 226 கிலோமீட்டர், செல்லும். எனவே அலகு பெரிதாகப் பெரிதாகச் சுழல் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். அலகின் மீது பொறிக்கப்பட்டுள்ள உச்ச வேகத்தை ஒருபோதும் மீறலாகாது.

அலகை மாற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். ஸ்விட்சை மட்டும் அணைத்தல் போதாது. அலகின் தண்டைப் பற்றும் உறுப்பிற்குக் கொலெட் என்று பெயர். 6 மில்லிமீட்டர் தண்டும் கால் அங்குலத் தண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். ஆனால் கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். ஒன்றற்குரிய கொலெட்டில் மற்றொன்றைப் பொருத்தினால் பிடிப்பு சரியாக அமையாது. சுழலும்போது அலகு நழுவி வெளிவரும். கொலெட்டில் படிந்த மரத்தூளைத் துடைத்து, தண்டை அடிவரை செலுத்திப் பின்னர் 2 அல்லது 3 மில்லிமீட்டர் மேலே இழுத்து, நட்டை இறுக்குதல் முறையாகும். அலகில்லாத வெறுங் கொலெட்டை இறுக்கலாகாது.

12 மில்லிமீட்டர் ஆழமுள்ள காடியை ஒரே முறையில் எடுக்க முயலுதல் தவறு. ஆழத்தடையைச் சரிசெய்து, முறைக்கு 3 மில்லிமீட்டர் வீதம் நான்கு முறைகளில் எடுத்தல் நன்று. அதிக ஆழம் வைத்தால் மோட்டார் திணறும். அலகு முறியவும் கூடும். மாறாக, கருவியை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் உராய்வினால் மரம் கருகும்.

தள்ளும் திசையே யாவற்றினும் முக்கியமானது. மேலிருந்து நோக்கின் அலகு கடிகார முள் போல வலஞ்சுழியாகச் சுழல்கிறது. தச்சர் தமக்கு எதிரேயுள்ள பலகையின் அருகு விளிம்பில் கருவியை இடமிருந்து வலமாகத் தள்ளினால், வெட்டுவிசை அதனை எதிர்த்து நிற்கும்; கருவி அவர் வசப்பட்டிருக்கும். வலமிருந்து இடமாகத் தள்ளினால் அவ்விசை கருவியை முன்னோக்கி இழுத்து ஓடச் செய்யும். ஆதலின் பலகையின் வெளிவிளிம்பை இடஞ்சுழியாகவும், சட்டத்தின் உள்விளிம்பை வலஞ்சுழியாகவும் சுற்றிவர வேண்டும். பலகையைக் கிளாம்பினால் இறுக்கி, இரு கைகளாலும் கருவியைப் பிடித்து, அலகு முழு வேகம் அடைந்த பின்னரே மரத்தைத் தொடச் செய்தல் வேண்டும். வேலை முடிந்ததும் அலகு நின்றபின் கருவியைக் கீழே வைத்தல் வேண்டும்.

மரத்தூளும் தீங்கு பயப்பதே. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995ஆம் ஆண்டில் அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. தூள் உறிஞ்சி, முகமூடி, கண்ணாடி, காதடைப்பு ஆகியவை வேண்டும். தளர்ந்த சட்டைக் கையும் கையுறையும் அலகில் சிக்கக்கூடுமாதலால் அவை கூடா. மழைக்காலத்தில் ஈரமான தரையில் நின்று வேலை செய்தலும் ஆகாது. மின்கசிவைத் தடுக்கும் சாதனம் இணைப்பில் இருத்தல் நலம்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை உபயோகிக்கும் இடங்களில் 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரிந்தாலே அதனைப் பொதுவாகத் தொழிற்சாலை எனக் கொண்டது. 2020ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவ்வெண்ணை 20ஆக உயர்த்தியது. மூவரோ நால்வரோ பணிபுரியும் பட்டறை இவ்வரம்பிற்குள் வருவதில்லை. அங்கே கருவியைச் சோதிக்கும் பொறுப்பு, அதனைக் கையிலெடுக்கும் தச்சரையும் பட்டறை உரிமையாளரையுமே சார்ந்ததாகும்.