மழை விட்ட மறுவாரம்

ஜப்பான் தேசத்தில் ஆம்புலன்ஸ் வண்டிகளை நடத்துவோர் ஆஸ்பத்திரிக்காரர் அல்லர். ஊர்தோறும் உள்ள தீயணைப்புப் படையினரே அப்பணியையும் ஏற்று, 119 என்னும் எண்ணுக்கு அழைப்பு வந்தவுடன் கட்டணம் ஏதும் பெறாமல் ஓடிவந்து உதவுகின்றனர். அவ்வாறு ஏற்றிச் செல்லப்பட்டவர்களுள் ‘ஹீட் ஸ்ட்ரோக்’ எனப்படும் வெப்பவாதத்தாலும் அதையொட்டிய உஷ்ண நோய்களாலும் விழுந்தவர் எத்தனை பேர், அவர்களுடைய வயது என்ன, விழுந்த இடம் வீடா வீதியா வயலா, நோயின் கடுமை எத்தகையது என்னும் விவரங்களையெல்லாம் 2008 ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு அரசாங்கத்தின் தீயணைப்பு முகமை திரட்டி வருகிறது. இப்பொழுது மே மாதம் தொடங்கிச் செப்டம்பர் முடிய வாரந்தோறும் அக்கணக்கு வெளியாகிறது. வெயிலால் விளையும் மரணம் வெள்ளத்தையோ பூகம்பத்தையோ போலக் கண்ணுக்குத் தெரியும் அழிவை விட்டுச் செல்வதில்லை. முதியவர் ஒருவர் தம் அறையில் தனியே மூர்ச்சித்துக் கிடந்து மாண்டால், முதுமை கொண்டுபோயிற்று என்றோ இருதயம் நின்றுவிட்டது என்றோ சொல்லிவிட உலகம் எப்பொழுதும் சித்தமாயிருக்கிறது. ஆதலால், விழுந்தவர்களைக் கிரமமாக எண்ணிவைக்கும் இந்த ஏற்பாட்டை ஒரு பெரிய தர்ம காரியமாகவே நான் கருதுகிறேன்.

அக்கணக்கை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு முதலில் புலப்படுவது, உஷ்ணமானியின் ஏற்றமும் கோடையின் கொடுமையும் எப்பொழுதும் கூடவே நடப்பதில்லை என்பது. ஜப்பானின் பெரும்பகுதியில் ஜூன் மாதத்தில் மழைக்காலம் தொடங்கி, ஏறக்குறைய ஜூலை நடுப்பகுதி வரை நீடிக்கும். வானம் மூடி, காற்று ஈரமாகி, ஜனங்கள் குடையும் கையுமாக நடமாடும் அந்த வாரங்களில் நோயாளிகளின் தொகை மெல்லவே ஏறும். பிறகு பசிபிக் சமுத்திரத்தின்மேல் நிலைகொண்டிருக்கும் உயர் அழுத்த மண்டலம் விரிந்து வந்து மேகங்களை வடக்கே தள்ளிவிட, மழைக்காலம் ஓய்ந்ததென்று வானிலை முகமையார் அறிவிப்பர். அந்த அறிவிப்பை ஒட்டி வரும் வாரத்தில்தான் ஆம்புலன்ஸ் வண்டிகள் ஓய்வின்றி ஓடுகின்றன. ஆகஸ்டிலும் வெயில் அதே அளவு காய்கிறது, சில ஆண்டுகளில் அதற்கு மேலும் காய்கிறது. ஆயினும் அதே உஷ்ணத்துக்கு ஜூலையில் விழுகிறவர்களைவிட ஆகஸ்டின் பிற்பகுதியில் விழுகிறவர்கள் குறைவே.

2018 ஆம் ஆண்டின் கோடை இதற்குச் சிறந்த சாட்சி. அவ்வாண்டில் பசிபிக் உயர் அழுத்தத்தின் மேலே, திபெத்துப் பிரதேசத்திலிருந்து படர்ந்த மற்றோர் உயர் அழுத்த மண்டலமும் கவிந்துகொள்ள, கீழிறங்கும் காற்று வறுபட்டுத் தரையை அழுத்திற்று. ஜூலை 16 முதல் 22 வரையிலான ஒரே வாரத்தில் 22,647 பேர் ஆம்புலன்ஸில் கொண்டுபோகப்பட்டனர். மறுநாள், ஜூலை 23 அன்று, டோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள குமகாயா நகரில் 41.1 டிகிரி பதிவாயிற்று. இதனை உயிருக்கு அபாயம் விளைக்கும் பேரிடராகவே கருத வேண்டும் என்று வானிலை முகமை வெளிப்படையாகக் கூறியது. அக்கோடையில் ஐந்து மாதங்களிலும் ஏற்றிச் செல்லப்பட்ட 95,137 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஜூலை ஒரே மாதத்தில் விழுந்தவர்கள்.

இதன் காரணம் வானத்தில் பாதியும் நம் சரீரத்தில் பாதியுமாக இருக்கிறது. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் ஜலம் குளிர்வது போலவே, தோலின்மேல் துளிர்க்கும் வியர்வை உலரும்போது இரத்தம் குளிர்கிறது. இந்தச் சாமர்த்தியம் எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் நம்மிடம் இருப்பதன்று. சில நாள் தொடர்ந்து உஷ்ணத்தில் உழைத்த பின்னரே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. வியர்வை முன்னதாகவே தொடங்கி மிகுதியாகச் சுரக்கிறது. அதனோடு வெளியேறும் உப்பின் அளவு குறைகிறது. இம்மாறுதல் நிறைவேற ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும்; குளிர்ந்த இடத்தில் சில வாரம் இருந்துவிட்டால் அது கலைந்தும் போகும். மழைக்காலத்தின் மந்தமான குளிர்ச்சியில் இருந்த உடல், முன்னறிவிப்பின்றி 35 டிகிரி வெயிலில் நிறுத்தப்படும்பொழுது, ஆகஸ்டில் அது செய்யவல்ல காரியத்தை ஜூலையில் செய்ய மாட்டாமல் தோற்றுப்போகிறது. வேலைத் தலங்களில் வெப்பவாதத்துக்கு இரையாகிறவர்களுள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் விடுமுறை கழிந்து திரும்பியவர்களும் அதிகமாக இருப்பதன் இரகசியமும் இதுவே.

காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தை அறிந்த நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. ஆதலின் ஜப்பானியர் எச்சரிக்கை விடுப்பதற்குக் காற்றின் உஷ்ணத்தை மட்டும் அளவுகோலாகக் கொள்வதில்லை. ஈரத்துணி சுற்றிய உஷ்ணமானி காட்டுவதில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கரிய கோளத்தினுள் உள்ள உஷ்ணமானி காட்டுவதில் இரண்டு பங்கு, சாதாரணக் காற்றின் உஷ்ணத்தில் ஒரு பங்கு என இம்மூன்றையும் கூட்டிப் பெறும் ஓர் அளவை அவர்கள் கையாளுகின்றனர். 1950-களில் அமெரிக்கக் கடற்படைத் துருப்புகளின் பயிற்சி முகாம்களில் இளைஞர்கள் மயங்கி விழுந்ததைத் தடுப்பதற்கென வகுக்கப்பட்ட முறை அது. இந்த அளவு 28-ஐத் தாண்டினால் நோயாளிகளின் தொகை செங்குத்தாக ஏறுகிறது. 33-ஐ எட்டும் என்று கணிக்கப்படும் நாட்களுக்கு, 2021 முதல் நாடு முழுவதும் வெப்பவாத எச்சரிக்கை விடுக்கின்றனர். மாகாணம் ஒன்றின் எல்லா அளவு நிலையங்களிலும் 35-ஐ எட்டும் நிலைக்கெனத் தனியே ஒரு விசேஷ எச்சரிக்கையை 2024 இல் சட்டப்படி ஏற்படுத்தி, அந்நாட்களில் நூலகம், ஊர் மன்றம் போன்ற குளிர்ந்த இடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடவும் வகை செய்துள்ளனர்.

ஆனால் இந்தக் கணக்கு வெளிப்படுத்திய உண்மைகளுள் என் மனத்தை மிகவும் வருத்தியது வேறொன்று. வெப்பவாதம் என்றவுடன் நட்ட நடுப்பகலில் கல் சுமப்பவனும் ஏர் பிடிப்பவனும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஜப்பானிலோ கொண்டுபோகப்படுகிறவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர்கள் 65 வயதைக் கடந்த முதியோர். பத்தில் ஏறக்குறைய நால்வர் விழுந்து கிடந்த இடம் அவர்களுடைய சொந்த வீடு. டோக்கியோ நகரத்தில் வீட்டுக்குள் வெப்பவாதத்தால் மாண்டவர்களை ஆராய்ந்த வைத்தியர்கள், பெரும்பாலான அறைகளில் குளிர்சாதனம் இல்லாதிருந்ததையோ, இருந்தும் ஓடாதிருந்ததையோ கண்டனர். முதுமையில் தாகம் மங்குகிறது, வியர்வை குறைகிறது, சூடு ஏறுவதை உணரும் சக்தியும் மழுங்குகிறது. இளைஞன் பதறி எழுந்து ஜன்னலைத் திறக்கும் உஷ்ணத்தில், எண்பது வயதுப் பாட்டி கம்பளிச் சட்டையோடு அமைதியாக அமர்ந்திருப்பாள். மின்சாரச் செலவைப் பற்றிய அச்சமும், செயற்கைக் குளிர் எலும்புக்கு ஆகாது என்னும் நெடுநாள் நம்பிக்கையும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்கள் அடுத்தடுத்து வரும்பொழுது, பகலெல்லாம் காய்ந்த சுவர்கள் இரவெல்லாம் அனலைக் கக்க, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அந்த உடல் சோர்ந்துவிடுகிறது. துணைக்கு ஆள் இருந்தால் பேச்சுத் தடுமாறுவதைக் கண்டு உடனே அழைப்பார்கள். தனியே வாழ்பவரை யார் காண்பது? எச்சரிக்கை நாட்களில் ஊரின் ஒலிபெருக்கிகள் நீர் அருந்தச் சொல்லி அறிவிப்பதும், முதியோர் வீடுகளின் கதவைத் தட்டி விசாரிக்க ஆட்கள் செல்வதும் இந்தக் கணக்கு கற்பித்த பாடத்தின் பயன்களே.

குழந்தைகளின் விஷயத்தில் பாடம் இன்னும் கசப்பாகவே வந்தது. 2018 ஜூலை 17 அன்று ஐச்சி மாகாணத்தில் பள்ளியிலிருந்து பூங்காவுக்கு அழைத்துச் செல்லப்பட்ட முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன், வகுப்பறைக்குத் திரும்பிய பின் மயங்கி உயிரிழந்தான். அக்காலத்தில் பொதுப்பள்ளி வகுப்பறைகளுள் பாதியளவில் மட்டுமே இருந்த குளிர்சாதனம், இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஏறிவிட்டது. 1964 இல் கோடையைத் தவிர்த்து அக்டோபரில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளை 2021 இல் ஜூலையிலும் ஆகஸ்டிலும் நடத்தத் துணிந்தவர்களுக்கும், மாரத்தான் ஓட்டத்தை வடக்கே சப்போரோவுக்கு மாற்ற நேர்ந்தது. அங்கும் வெயில் விடாமல் துரத்தவே, பெண்கள் ஓட்டத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளிக் காலை ஆறு மணிக்கே தொடங்கினார்கள்.

ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைவாக வந்தாலும், முதல் சிகிச்சை அருகிலிருப்பவர் கையில் இருக்கிறது. உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி அறிவு கலங்கியபின் ஒவ்வொரு நிமிஷமும் மூளையையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் சிதைக்கிறது. ஆகவே நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் விட்டு விசிறவேண்டும். வசதி இருந்தால் குளிர்ந்த நீரிலேயே அமிழ்த்தவேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் நீர் ஊற்றுவது மட்டும் ஆகாது. அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.

2025 ஜூன் முதல் தேதியிலிருந்து, கடும் உஷ்ணத்தில் ஆட்களை வேலை வாங்கும் முதலாளிகள் நோயுற்றவரைக் கண்டறியவும் குளிர்விக்கவும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யவேண்டும் என்றும், தவறினால் தண்டனை உண்டு என்றும் விதி அமலுக்கு வந்தது. விதி தக்க தருணத்தில்தான் வந்தது எனவேண்டும். அவ்வாண்டு மேற்கு ஜப்பானில் மழைக்காலம் ஜூன் இறுதிக்குள்ளேயே முடிந்துவிட, முந்திய எந்த ஜூனிலும் காணாத அளவுக்கு நோயாளிகள் பெருகினர். ஆகஸ்ட் 5 அன்று இசேசாகி நகரில் 41.8 டிகிரி பதிவாயிற்று. ஐந்து மாதத் தொகை முதன்முறையாக ஒரு லட்சத்தைக் கடந்தது. உடல் பழகிக்கொள்வதற்குரிய அவகாசம் இவ்வாறு சுருங்கி வருவதனால், மே மாதத்திலேயே அன்றாடம் சிறிது நடந்தும் வெந்நீரில் அமர்ந்தும் வியர்வைக்குப் பழக்கிக்கொள்ளும்படி வைத்தியர்கள் வற்புறுத்துகின்றனர். அவ்விதம் பழகிக்கொள்ள இயலாத முதியோரின் பொருட்டு, வீட்டிலுள்ள குளிர்சாதனத்தை மழைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடும்படி அரசாங்கம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. மழை விட்ட பிறகு பழுது தெரிந்தால், பார்க்க ஆள் வருவதற்குள் அந்த வாரம் கழிந்துவிடும்.