நியூட்டனா, டைனா, பவுண்டா? சின்ன விசையின் பெரிய கணக்கு

விசை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கிரேன், பாலம், லேப்ல இருக்கிற யுடிஎம் மிஷின். எல்லாமே கிலோநியூட்டன் சமாச்சாரம். ஆனா சூரிய ஒளிகூட ஒரு பொருளைத் தள்ளும், தெரியுமா? விண்வெளியில், பூமி இருக்கும் தூரத்தில், ஒரு சதுர மீட்டர் கண்ணாடியை சூரியனுக்கு நேராக வைத்தால், ஒளி அதைத் தள்ளும் விசை சுமார் 9 மைக்ரோநியூட்டன். அதாவது 0.000009 நியூட்டன்.

இத்தனை சின்ன எண்ணில் யூனிட் மாறினால் என்ன ஆயிடப் போகுதுன்னு தோணும். ஒரு விண்கலமே போயிருக்கு. அந்தக் கதைக்கு முன்னாடி கணக்கைப் பார்த்துடலாம்.

முதலில் டைன். ஒரு கிராம் பொருளுக்கு 1 செ.மீ./நொடி² முடுக்கம் கொடுக்கும் விசைதான் 1 டைன். நியூட்டனுக்கு அதே வரையறை, ஆனால் கிலோகிராம், மீட்டர். கிராம் என்பது கிலோவில் 1000-ல் ஒரு பங்கு. சென்டிமீட்டர் என்பது மீட்டரில் 100-ல் ஒரு பங்கு. ரெண்டையும் பெருக்கினா லட்சத்தில் ஒரு பங்கு. ஆக, 1 நியூட்டன் = 1,00,000 டைன். திருப்பிச் சொன்னா, 1 டைன் = 10 மைக்ரோநியூட்டன். மனப்பாடமே வேண்டாம், வரையறை தெரிஞ்சா போதும்.

அடுத்தது கிராம்-விசை. ஒரு கிராம் பொருளை பூமி இழுக்கும் விசை இது: சுமார் 9.81 மில்லிநியூட்டன், அதாவது 981 டைன். இதிலிருந்து ஒரு வசதி கிடைக்குது. 1 மில்லிகிராம் பொருளின் எடை கிட்டத்தட்ட 1 டைன். டைன் எவ்வளவு சின்னது என்று இனிமே கையில் உணர்ந்து பார்க்கலாம்.

மூணாவது பவுண்ட்-விசை. 1 பவுண்ட்-விசை = 4.448 நியூட்டன். இங்கேதான் ஜாக்கிரதை. பத்தின் மடங்கில் தப்பு நடந்தா விடையைப் பார்த்ததுமே உறுத்தும். 4.448 மடங்கு தப்பானா, விடை நம்புற மாதிரியே இருக்கும்.

நம்ம கண்ணாடியை நாலு யூனிட்டிலும் எழுதினால்:
9 மைக்ரோநியூட்டன்
= 0.9 டைன்
= சுமார் 0.92 மில்லிகிராம்-விசை
= சுமார் 0.000002 பவுண்ட்-விசை

இப்போ கதைக்கு வருவோம். 1998 டிசம்பர் 11-ல் நாசா மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டரை ஏவியது. அதன் சோலார் பேனல் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. அதனால் மேலே சொன்ன அந்தத் துளியூண்டு ஒளி அழுத்தம் கலத்தை மெதுவா திருப்பிக்கொண்டே இருந்தது. உள்ளே சுழலும் ரியாக்‌ஷன் வீல்கள் அந்தத் திருப்பத்தை வாங்கிக்கொள்ளும். வீல்களில் சேர்ந்த கோண உந்தத்தை இறக்க, அடிக்கடி சின்ன த்ரஸ்டர்களை இயக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பாதை இம்மியளவு மாறும். அந்த மாற்றத்தைக் கணக்கில் சேர்க்க, தரைக் கட்டுப்பாட்டில் ஒரு மென்பொருள் இருந்தது. அதன் பெயரே 'ஸ்மால் ஃபோர்சஸ்', சின்ன விசைகள்!

அந்த மென்பொருள் கணத்தாக்கை, அதாவது விசை × நேரத்தை, பவுண்ட்-விசை நொடியில் எழுதியது. ஒப்பந்தப்படி அது நியூட்டன்-நொடியில் இருந்திருக்க வேண்டும். பாதையைக் கணித்த குழுவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. நொடி ரெண்டிலும் ஒண்ணுதான், அதனால் வித்தியாசம் அப்படியே 4.45 மடங்கு. ஒவ்வொரு தள்ளலும் உண்மையில் இருந்ததைவிட 4.45 மடங்கு குறைவாகப் பதிவானது. ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஒன்பது மாசம் திரும்பத் திரும்ப நடந்தது.

1999 செப்டம்பர் 23-ல் கலம் செவ்வாயை அடைந்தது. சுமார் 226 கி.மீ. உயரத்தில் கடக்க வேண்டும் என்பது திட்டம். பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது, உண்மையான உயரம் சுமார் 57 கி.மீ. அந்தக் கலம் தாங்கக்கூடிய குறைந்தபட்ச உயரமே சுமார் 80 கி.மீ. செவ்வாய்க்குப் பின்னால் மறைந்த கலத்திலிருந்து அப்புறம் சிக்னல் வரவேயில்லை.

இதில் யாருக்கும் பெருக்கத் தெரியாம போகலை. ஒரு எண் ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவுக்குப் போனபோது, அதன் யூனிட் கூடப் போகலை. அவ்வளவுதான்.

உங்க ப்ராஜெக்ட்டிலும் சென்சார் ஒருத்தர் கோட், கிராஃப் இன்னொருத்தர் என்று பிரித்திருப்பீங்க. அதனால் எக்செல் தலைப்பில் 'விசை' என்று மட்டும் எழுதாதீங்க. 'விசை, மைக்ரோநியூட்டன்' என்று எழுதுங்க. கோடில் மாறியின் பெயரிலேயே யூனிட்டைச் சேர்த்துடுங்க. மாற்றும்போது யூனிட்டையும் எண் மாதிரியே மேலே கீழே எழுதி வெட்டுங்க. வெட்டாம ஏதாவது மிச்சம் நின்னா, தப்பு அங்கேதான்.

கடைசியா உங்களுக்கு ஒரு கணக்கு: 0.002 பவுண்ட்-விசை எத்தனை டைன்? போட்டுப் பாருங்க. 890-க்குப் பக்கத்தில் வந்தால் சரி. 200 வந்ததா? பவுண்டை நியூட்டன்னு நினைச்சிட்டீங்க. அந்த மென்பொருள் அனுப்பிய எண்ணிலும் நடந்தது இதேதான்.