கையொப்பம் இடுமுன்

கிணறு வெட்டுவதாயின், வெட்டுபவன் இதற்குமுன் எத்தனை கிணறு வெட்டினான், அவற்றில் நல்ல தண்ணீர் ஊறியதா என்று நாலு பேரிடம் விசாரித்த பின்பே கூலி பேசுகின்றோம். ஆயின், புற்றுநோய் என்ற சொல் வீட்டுக்குள் நுழைந்ததும் நமது விசாரணையெல்லாம் அடங்கிவிடுகின்றது. முதலிற் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் குறித்த நாளிற் சென்று, நீட்டிய கடதாசியில் கையொப்பமிட்டு, ஆண்டவன் விட்ட வழியென்று படுத்துவிடுகின்றோம். வைத்தியரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணமும் நம்மவரிடையே உண்டு.

அவ்வாறு கையொப்பமிட மறுத்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகின்றோம்.

அமெரிக்காவின் மேரிலண்ட் மாநிலத்தில் வாழ்ந்த றோஸ் குஷ்னர் ஒரு பத்திரிகையாளர். 1974ஆம் ஆண்டில் தமது மார்பில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டார். அக்காலத்தில் அந்நாட்டு வழக்கம் இது: நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தி, கட்டியிற் சிறு துண்டை வெட்டியெடுத்து அங்கேயே பரிசோதிப்பர், புற்றுநோயெனக் கண்டால், மயக்கம் தெளியுமுன்னரே மார்பு முழுவதையும் அகற்றிவிடுவர். இரண்டுக்கும் முன்கூட்டியே ஒரே கையொப்பம். நோய் உண்டா இல்லையா என்றே அறியாமல் உறங்கப்போகும் பெண், விழித்ததும் நெஞ்சைத் தடவிப் பார்த்தே விடையை அறிவாள்.

அகற்றிய முறையும் கடுமையானது. வில்லியம் ஹால்ஸ்ரெட் என்னும் நிபுணர் 1894இல் விவரித்த அம்முறையில், மார்புடன் அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களும் சேர்ந்தே போய்விடும். ஹால்ஸ்ரெட்டைக் குறைகூறுவதற்கில்லை, அவர் காலத்தில் அது பெரும் முன்னேற்றமே. எனினும் எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும், கை வீங்கி நெஞ்சு குழிந்து பெண்கள் துன்புற்றுக்கொண்டிருந்தனர்.

குஷ்னர் மருத்துவ நூல்களைத் தேடிப் படித்தார். முதலிற் பரிசோதனை மட்டும் செய்யுங்கள், முடிவு தெரிந்தபின் மற்றதைப் பேசுவோம் என்று ஒருவர் பின் ஒருவராக நிபுணர்களைக் கேட்டார். பலர் மறுத்தனர். சளைக்காமல் தேடி, இசைந்த ஒருவரைக் கண்டார். புற்றுநோய்தான் என்பது உறுதியாயிற்று. பின்னர் நெஞ்சுத் தசைகளை விட்டுவைத்துச் சிகிச்சை செய்யக்கூடியவரைத் தேடி, பஃபலோ நகரின் றொஸ்வெல் பார்க் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதே ஆண்டு செப்ரெம்பரில் ஜனாதிபதியின் மனைவி பெற்றி போர்ட் அவர்களுக்கும் இந்நோய் இருக்கலாமென்ற செய்தி பரவியது. குஷ்னர் வெள்ளை மாளிகைக்குத் தொலைபேசியில் அழைத்து, பரிசோதனையையும் சிகிச்சையையும் ஒன்றாகச் செய்யவேண்டாமென மன்றாடினார். ஜனாதிபதி முடிவு செய்துவிட்டார் என்ற விடையே வந்தது. நோயாளி யார், முடிவெடுத்தவர் யார் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

சரி, நாம் எதைக் கேட்பது? இச்சத்திரசிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை தடவை செய்கின்றீர்கள் என்பது முதற் கேள்வி. இதிற் கூச்சம் வேண்டாம். நாலு இலட்சத்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க நோயாளரைப் பற்றி 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நுரையீரல், உணவுக்குழாய், கணையம் முதலிய உறுப்புக்களில் அடிக்கடி கத்தி வைத்த கைகளில் மரணம் குறைவென்று காட்டியது. கணையத்தில் அந்த வேறுபாடு மிகப் பெரிது. கத்திக்கு முன் மருந்தோ கதிர்வீச்சோ உதவுமா, அத்துறை வைத்தியர்களுடன் கலந்து பேசினீர்களா என்பது அடுத்தது. எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதையும் அவரிடமே கேட்கலாம். வேறொருவரின் அபிப்பிராயம் பெற அவகாசம் உண்டா என்பது அதிலே தெரிந்துவிடும். கேள்விக்குச் சினக்கும் நிபுணரைவிட, இதில் எனக்குப் பழக்கம் குறைவு, இன்னாரிடம் போங்கள் என்று சொல்பவரை நாம் அதிகம் மதிக்கின்றோம்.

அரசாங்க வைத்தியசாலையில் நிபுணரைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை. கேட்கும் வாய்ப்பு அங்கும் உண்டு. கலங்கிய மனத்தில் விடைகள் தங்கா. ஆதலால் எழுதிக்கொள்ள ஒரு கொப்பியுடன் மகனையோ மகளையோ கூட்டிச்செல்வது நன்று.

1979இல் அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் நிபுணர் குழுவொன்றைக் கூட்டியது. மருத்துவரல்லாத குஷ்னரும் அதில் உறுப்பினராக அமர்ந்திருந்தார். பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு என்ற இரு படி முறையையே அக்குழு சிபார்சு செய்தது.