சாப்பாட்டு பில்லுக்குக் காசா, கார்ட்டா?

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே சாப்பிடப் போகும் வழக்கம் நம் குடும்பங்களில் பெருகிவிட்டது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் மேசைக்கு ஒரு பில் வருகிறதே, அதை எப்படிக் கொடுக்கிறோம் என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் பேசுவோம்.

கடனட்டை வளர்ந்ததே சாப்பாட்டுக் கடைகளில்தான். 1950இல் நியூயோர்க்கில் தொடங்கிய 'டைனர்ஸ் கிளப்' அட்டை, கையில் காசில்லாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மொத்தமாகக் கட்டுவதற்கு வந்தது. பெயரிலேயே சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்!

இன்றைய கடனட்டையின் சங்கதி வேறு. வங்கி அனுப்பும் பட்டியலில் 'ஆகக் குறைந்த தொகை' என்று ஒன்று போட்டிருக்கும். அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் வீடுகள் உண்டு. மிச்சத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். நோன்புப் பெருநாளைக்குச் சாப்பிட்ட புரியாணிக்கு ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் வட்டி கட்டுவதா? வட்டியை அல்லாஹ் ஹராமாக்கியிருப்பதை நம் வீட்டுச் சின்னப் பிள்ளையும் அறியும்.

"நாங்கள் தவணைக்குள் முழுவதையும் கட்டிவிடுவோமே, ஹஸரத்" என்று கேட்பவர்கள் பலர். 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி இதையும் கவனித்தது. வட்டி நிபந்தனையுள்ள கடனட்டையை, தவணைக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும், பாவிப்பது ஆகாது என்று தீர்மானித்தது. கையொப்பம் வைக்கும்போதே அந்த நிபந்தனைக்கு உடன்பட்டுவிடுகிறோம் அல்லவா? பற்றட்டை அப்படியல்ல. கணக்கில் இருக்கும் நமது சொந்தக் காசுதான் கழிகிறது. ஆகவே உங்கள் வீட்டுக்காரர் பேர்ஸில் வைத்திருப்பது எந்த அட்டை என்று முதலில் கேட்டுப் பாருங்கள். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதே தீர்மானத்தில் இன்னொரு விடயமும் உண்டு. வங்கி கடைக்காரரிடம் தரகு எடுக்கலாம். ஆனால் அவர் காசுக்கு விற்கும் அதே விலைக்கே அட்டைக்கும் விற்க வேண்டும். இங்கே சில கடைகளில் என்ன நடக்கிறது? "கார்ட் என்றால் நூற்றுக்கு மூன்று கூட" என்கிறார் கெஷியர். 8,000 ரூபா பில்லுக்கு 240 ரூபா மேலதிகம். வங்கிக்குக் கடைக்காரர் கொடுக்க வேண்டிய தரகை நம் தலையில் வைக்கிறார்கள். அப்படி அறவிடக் கூடாது என்று நமது மத்திய வங்கியும் அறிவித்திருக்கிறது. பில்லைக் கிழித்துப் போடாமல், அட்டை தந்த வங்கியிடம் முறையிடுங்கள்.

இதைச் சேவைக் கட்டணத்தோடும், 2024 ஜனவரி முதல் 18 வீதமாகியிருக்கும் வற் வரியோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை காசுக்கும் அட்டைக்கும் ஒன்றுதான். வற் போட்டிருந்தால் கடையின் வற் பதிவிலக்கமும் பில்லில் இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், வெளியே சாப்பிடப் போகும்போது இவ்வளவுதான் செலவு என்று காசை எண்ணி எடுத்துக்கொண்டு போவது நல்லது. நோட்டு கைவிட்டுப் போவதைப் பிள்ளைகளும் பார்ப்பார்கள். அட்டையை மெஷினில் தட்டினால் எவ்வளவு போனது என்று பெரியவர்களுக்கே உறைப்பதில்லை. அட்டையால்தான் கொடுப்பதென்றாலும் சில்லறையாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். பரிமாறிய பிள்ளைக்குச் சந்தோஷமாக எதையாவது கொடுக்க நினைத்தால் கையிலேயே கொடுத்துவிடலாம். அட்டையில் சேர்த்துப் போட்டால் அது முதலில் முதலாளியின் கணக்குக்குத்தான் போகும்.