அணுவுக்குள்ளே ஒரு பேரிக்காய்!



அணுவின் படம் வரையச் சொன்னால் என்ன செய்வீர்கள்? நடுவில் ஒரு வட்டம் போட்டு, 'இதுதான் அணுக்கரு' என்பீர்கள். நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் அப்படித்தான் வரைந்தேன். ஆனால், எல்லா அணுக்கருவும் உருண்டை இல்லை! பல அணுக்கருக்கள் நாவல்பழம் போல நீண்டிருக்கும். மிகச் சில, ஒரு பக்கம் பருத்து, மறுபக்கம் சிறுத்து, பேரிக்காய் போலவே இருக்கும்.

"அதை யார் சார் பார்த்தது?" என்று கேட்கிறீர்களா? கண்ணால் யாரும் பார்க்கவில்லை. அணு ஒரு பெரிய விளையாட்டு மைதானம் என்றால், அணுக்கரு அதன் நடுவில் கிடக்கும் ஒரு மிளகு! எந்த நுண்ணோக்கியிலும் அதன் வடிவம் தெரியாது.

சந்தையில் பானை வாங்கும்போது பாட்டி என்ன செய்வார்? விரலை மடக்கித் தட்டுவார். ஓசையை வைத்தே கீறல் உண்டா என்று சொல்லிவிடுவார். விஞ்ஞானிகள் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஜெனீவா நகருக்குப் பக்கத்தில் 'செர்ன்' ஆய்வுக்கூடம் இருக்கிறது. அதன் 'ஐசோல்டே' பிரிவில் ரேடியம் 224 என்ற அணுக்கருவை ஆராய்ந்தார்கள். மேரி கியூரியும் அவர் கணவர் பியரியும் 1898ல் கண்டுபிடித்தார்களே, அந்த ரேடியத்தின் ஒரு வகைதான் இது. 88 புரோட்டான், 136 நியூட்ரான் கொண்டது. நிலையில்லாதது, நான்கு நாளுக்குள் பாதி சிதைந்துவிடும். அதனால் யுரேனியச் சேர்மத்தின் மீது புரோட்டான்களை மோதவிட்டு அங்கேயே தயாரித்தார்கள். பிறகு, ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 8 சதவீத வேகத்தில் மெல்லிய உலோகத் தகட்டை நோக்கி ஏவினார்கள்.

சாமர்த்தியம் இங்கேதான். ரேடியம் அணுக்கரு, தகட்டிலுள்ள அணுக்கருவைத் தொடவே தொடாது! இரண்டுக்கும் நேர்மின்சுமை அல்லவா? நெருங்கியதும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலில் ரேடியம் அணுக்கரு ஆற்றல் பெற்றுக் குலுங்கும். அமைதியாகும்போது அந்த ஆற்றலைக் காமா கதிர்களாக வெளியே விடும். பானையின் ஓசை இதுதான்! அதைப் பிடிக்க, 24 ஜெர்மானியப் படிகங்கள் கொண்ட 'மினிபால்' என்ற கருவி சுற்றிலும் காத்திருந்தது. பேரிக்காய் வடிவம் என்றால் ஒருவகைக் குலுங்கல் மிகப் பலமாக எழும். எந்த ஆற்றலுள்ள கதிர் எத்தனை வந்தது என்று எண்ணி, அதைக் கணக்கிட்டார்கள்.

முடிவு 2013ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. ரேடியம் 224 பேரிக்காய்தான்! கூடவே சோதித்த ரேடான் 220 அப்படி நிலையாக இல்லை. பேரிக்காய் ஆவதும் மாறுவதுமாக அதிர்ந்துகொண்டிருந்தது.

இதற்கா இத்தனை பாடு? காரணம் இருக்கிறது. பிரபஞ்சம் பிறந்தபோது பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமாகத் தோன்றியிருக்க வேண்டும் என்கிறது இயற்பியல். இரண்டும் சந்தித்தால் அழிந்துவிடும். அப்படியானால் நீங்களும், நானும், உங்கள் கையிலுள்ள இந்தத் தாளும் மிஞ்சியது எப்படி? சமநிலையைக் குலைத்தது எதுவோ, அதன் நுண்ணிய அடையாளம் அணுக்களில் இருக்கலாம். இருந்தால், உருண்டைக் கருவைவிடப் பேரிக்காய்க் கருவில் அது பல மடங்கு பெரிதாகத் தெரியும். தேடுவதற்கு முன், எவையெல்லாம் பேரிக்காய் என்று தெரிய வேண்டுமே!

2020ல் அந்தப் பட்டியலில் ரேடியம் 222 சேர்ந்தது. அதனுடன் சோதனைக்கு வந்த ரேடியம் 228க்கு இடம் கிடைக்கவில்லை. அதுவும் ரேடானைப் போல வெறுமனே அதிர்கிறதாம்!