வருஷத்துக்கு 30 லட்சம் கடிகாரம்: யுங்ஹான்ஸ் குடும்பம் இதைச் சாதித்தது எப்படி?

பழம்பொருள் கடையில் பெண்டுலம் வைத்த சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டால், அதன் இயந்திரத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். எட்டு முனை நட்சத்திரம், நடுவில் 'ஜே' எழுத்து இருக்கிறதா? அது ஜெர்மனியின் ஷ்ராம்பெர்க் ஊர் கம்பெனியான யுங்ஹான்ஸின் முத்திரை. ('ஜே'யை ஜெர்மன்காரர்கள் 'ய' என்றுதான் உச்சரிப்பார்கள்.)

1903இல் உலகத்திலேயே பெரிய கடிகாரத் தொழிற்சாலை இதுதான். 3,000க்கும் அதிகமான தொழிலாளர்கள், வருஷத்துக்கு 30 லட்சத்துக்கும் மேல் கடிகாரங்கள். கணக்குப் போட்டால், ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 1,000. கையால் செய்து இந்த எண்ணிக்கையைத் தொடவே முடியாது.

அப்புறம் எப்படி?

ஷ்ராம்பெர்க் இருக்கும் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் கடிகாரம் செய்வது குடிசைத் தொழில். வீட்டிலேயே பட்டறை, மரச்சட்டம், கைவேலை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கடிகாரங்கள் வந்து இந்தச் சந்தையை ஆட்டிவைத்தன. அவர்கள் பித்தளைத் தகட்டை இயந்திரத்தில் வைத்து அச்சு வெட்டினார்கள். ஒரு கடிகாரத்தின் சக்கரம் இன்னொன்றிலும் அப்படியே பொருந்தும். அதனால் விலை பாதாளத்துக்குப் போனது. வீட்டுப் பட்டறைக்காரர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை.

எர்ஹார்ட் யுங்ஹான்ஸ் 1861இல் மைத்துனரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். முதலில் உதிரிபாகங்கள் மட்டும்தான். முழுக் கடிகாரம் 1866இல்தான் வந்தது. எந்த அமெரிக்க முறை ஊரையே நசுக்கியதோ, அதையே அவர் தன் ஊருக்குக் கொண்டுவந்தார். 1870இல் அவர் இறந்ததும் பொறுப்பு மனைவி லூயிஸ் கைக்குப் போனது. கம்பெனி வரலாற்றில் இவர் பெயருக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. பிறகு மகன்கள் எர்ஹார்ட், ஆர்தர். ஆர்தர் அமெரிக்காவுக்கே போய் உற்பத்தி முறையைக் கற்று வந்தவர்.

இந்தக் கதைக்கு இருட்டான பக்கமும் உண்டு. நேரத்தைத் துல்லியமாக அளக்கத் தெரிந்த தொழிற்சாலை போர்க்காலத்தில் என்ன செய்யும்? குண்டுக்கு டைம் ஃபியூஸ் செய்தது.

குடும்பத்தின் கையை விட்டுப் போனது எப்போது?

1956இல் கம்பெனி டீல் குழுமத்திடம் போனது. 1990இல் ரேடியோ சிக்னலைப் பிடித்து தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் கைக்கடிகாரத்தைக்கூட கொண்டுவந்தார்கள். ஆனாலும் 2000இல் மறுபடி கைமாறி, 2008இல் திவால். 'அவ்வளவுதான், முடிஞ்சது' என்ற நிலையில், 2009இல் அதே ஷ்ராம்பெர்க்கைச் சேர்ந்த ஸ்டைம் குடும்பம், அப்பாவும் மகனுமாக, அதை வாங்கியது.

முதல் உலகப்போர் காலத்தில், எல்லா மேசைக்கும் பகல் வெளிச்சம் விழுகிற மாதிரி மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. 2018 முதல் அது கடிகார மியூசியம்.